டெக்சாஸ் குடும்ப நீதிமன்றம்: அசோசியேட் ஜட்ஜ் சொன்ன தீர்ப்பு எந்தத் தேதியில் இறுதியாகிறது?

அல்லிக்குளம் (கேள்வி, வெள்ளி மாலை)

டெக்சாஸில் ஒரு விவாகரத்து வழக்கு. இரண்டு குழந்தைகள், ஒரு வீடு, ஒரு 401(கே) கணக்கு (வேலை வழியாகச் சேர்த்த ஓய்வுக்கால சேமிப்பு). இறுதி விசாரணையை டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் நடத்தவில்லை, அவர் அனுப்பிவைத்த அசோசியேட் ஜட்ஜ் (இனி ஏ.ஜே.) நடத்தினார். நேற்று, வியாழக்கிழமை மதியம், விசாரணை முடிந்ததும் தீர்ப்பை அங்கேயே வாய்மொழியாகச் சொன்னார். பிறகு "அசோசியேட் ஜட்ஜ் ரிப்போர்ட்" என்ற படிவத்தில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரு தரப்புக்கும் நகல் கொடுத்தார். முறையான டிக்ரியை (தீர்ப்பாணையை) எதிர்த்தரப்பு வக்கீல் தட்டச்சு செய்து கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகுமாம்.

தெரிய வேண்டியவை:

ரிப்போர்ட்டில் ஏ.ஜே. கையெழுத்து இருக்கிறதே, இது இறுதித் தீர்ப்பா? டிக்ரி வந்த பிறகு ஆட்சேபம் சொல்லிக்கொள்ளலாமா? ஒன்றாம் தேதியிலிருந்து குழந்தைச் செலவுத்தொகை கட்டச் சொல்லியிருக்கிறார். டிக்ரியே இல்லாமல் கட்ட வேண்டுமா? அப்பீலுக்கு 30 நாள் என்கிறார்களே, அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மறுமணத்துக்கும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேள்வி. அதுவும் இதே தேதியிலிருந்துதானா?

ஏட்டுச்சுவடி

முதலில் அவசரமானது. டிக்ரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தீர்ப்பில் ஏதாவது ஒரு பகுதியையாவது டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் மறுபடி கேட்க வேண்டும் என்றால், அதற்கான மனு வரும் செவ்வாய்க்கிழமைக்குள் கிளார்க்கிடம் பதிவாகியிருக்க வேண்டும்.

டெக்சாஸ் குடும்பச் சட்டத் தொகுப்பில் 201-ஆம் அத்தியாயம்தான் ஏ.ஜே.க்களைப் பற்றியது. பிரிவு 201.015 சொல்வது: ஏ.ஜே. ரிப்போர்ட்டின் சாராம்சம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளுக்குப் பின் மூன்றாவது வேலை நாளுக்குள் "டி நோவோ" விசாரணை (டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் தாமே மறுபடி கேட்பது) கேட்டு எழுத்துப்பூர்வமாக மனு பதிய வேண்டும். "சாராம்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டிக்ரி அல்ல, சாராம்சம். அதைக் கோர்ட்டில் வாய்மொழியாகச் சொன்னாலே போதும் என்று 201.011 அனுமதிக்கிறது. ஆகவே நேற்று மதியம் ஏ.ஜே. வாயைத் திறந்து தீர்ப்பைச் சொன்னபோதே உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

எண்ணிக்கை இப்படி: சொன்ன நாள் (வியாழன்) கணக்கில் இல்லை. வெள்ளி ஒன்று. சனி, ஞாயிறு விட்டுவிடுங்கள். திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. நடுவில் லேபர் டே மாதிரி சட்டப்பூர்வ விடுமுறை விழுந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். பழைய இணையப் பக்கங்கள் சிலவற்றில் "7 வேலை நாள்" என்று இருக்கும், முன்பு அப்படித்தான் இருந்தது. அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

கோர்ட்டில் இல்லாதவருக்கு ரிப்போர்ட் பதிவுத் தபாலில் போயிருந்தால், ரசீது அட்டையில் கையெழுத்துப் போட்ட தேதியில் கிடைத்ததாக அனுமானம். ஃபேக்ஸ் என்றால் உறுதிப்படுத்தும் பக்கத்தில் உள்ள தேதி. இந்த அனுமானத்தை எதிர்ச்சான்று காட்டி மறுக்கலாம், ஆனால் அந்தச் சண்டைக்குள் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வக்கீல் கோர்ட்டில் இருந்தார், கட்சிக்காரர் இல்லை என்றால், வக்கீலுக்குத் தெரிந்த நாளையே உங்கள் நாளாக வைத்து எண்ணுங்கள்.

இனி "இது இறுதியா" என்ற கேள்வி. உங்கள் வழக்கில் இல்லை. போட்டியிட்டு நடந்த இறுதி விசாரணையில் ஏ.ஜே. எழுதுவது சட்டத்தின் கண்ணில் பரிந்துரைதான். யாரும் டி நோவோ கேட்காவிட்டாலும், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் அது அந்தக் கோர்ட்டின் தீர்ப்பாகும் (201.013). அவர் அப்படியே ஏற்கலாம், மாற்றலாம், தள்ளலாம், கூடுதல் சாட்சியம் கேட்கலாம், ஏ.ஜே.யிடமே திருப்பி அனுப்பலாம் (201.014). நடைமுறையில் பெரும்பாலும் அப்படியே கையெழுத்தாகிவிடும் என்பது வேறு விஷயம்.

நாற்சந்தி

மேலே சொன்னது சரி. செலவுத்தொகைக் கேள்விக்கு: கட்ட வேண்டும். டி நோவோ மனு போட்டாலும் கட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். "மனு போட்டாச்சு, ஆர்டர் நின்னுடுச்சு" என்று நினைத்துவிடுகிறார்கள். நிற்காது. டி நோவோ விசாரணை நடக்கும்வரை ஏ.ஜே.யின் உத்தரவு முழு வலுவோடு நடப்பில் இருக்கும், அதை அமல்படுத்தவும் முடியும் என்று 201.013(a) நேரடியாகச் சொல்கிறது. சொத்துக்கு ரிசீவர் (அதை நிர்வகிக்கக் கோர்ட் வைக்கும் ஆள்) நியமிக்கும் உத்தரவு மட்டுமே விதிவிலக்கு. குழந்தையை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் டி நோவோவுக்குப் போனால், ஜட்ஜ் முன் நிற்கும்போது தீர்ப்பை மதிக்காத ஆள் என்ற பெயரோடுதான் நிற்பீர்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மாநிலத்தின் பட்டுவாடா மையம் வழியாகக் கட்டச் சொல்லியிருந்தால் அதன் வழியாகவே கட்டுங்கள். கணக்கு இன்னும் திறக்கவில்லை என்றால் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ. ரொக்கத்துக்குப் பிறகு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்போது மனு. எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட எப்படி இருக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன். "ஏ.ஜே.யின் தீர்ப்பு முழுவதையும் எதிர்க்கிறேன், டி நோவோ வேண்டும்" என்று ஒரே வரியில் போடுகிறவர்கள் உண்டு. எந்தெந்தப் பிரச்சினைகளை முன்வைக்கப் போகிறீர்கள் என்று மனுவில் குறிப்பிட வேண்டும் என்பது 201.015(b)-யின் கட்டாயம். விசாரணையில் சாட்சி கொண்டுவருவதும் நீங்கள் குறிப்பிட்ட பிரச்சினைகளுக்கு மட்டுமே. குறிப்பிடாததைப் பற்றிப் பேச வாய் திறந்தால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபம் சொல்லும், சரியாகத்தான் சொல்லும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "குழந்தைகளின் முதன்மை வசிப்பிடத்தை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு; வசிப்பிடத்துக்கான கவுன்டி எல்லை; மாதச் செலவுத்தொகை, குறிப்பாக நிகர வருமானத்தில் போனஸைச் சேர்த்த விதம்; 401(கே)-யில் திருமணத்துக்கு முந்தைய தனிச்சொத்துப் பங்கு; வக்கீல் கட்டணம்." ஒவ்வொன்றும் தனி வரியில். வீடு பற்றிய தீர்ப்பு உங்களுக்குச் சாதகம் என்றால் அதைத் தொடாதீர்கள். ஆனால் சொத்துப் பிரிவினை ஒரு தராசு மாதிரி. 401(கே)-யை மட்டும் கிளறினால் எதிர்த்தரப்பு வீட்டைக் கிளறும். அந்த வாய்ப்பு அவர்களுக்கு உண்டு: ஒருவர் மனு போட்டால், அது பதிவான நாளுக்குப் பின் மூன்றாவது வேலை நாளுக்குள் மற்றவரும் போடலாம். நீங்கள் செவ்வாய் போட்டால் அவர்களுக்கு வெள்ளி வரை.

மனுவின் தலைப்பில் வழக்கு எண், கோர்ட் எண், கட்சிக்காரர் பெயர்கள். உள்ளே ஏ.ஜே. விசாரணை நடந்த தேதி, தீர்ப்பின் சாராம்சம் தெரிவிக்கப்பட்ட தேதி, பிரச்சினைகளின் பட்டியல், விசாரணைக்குத் தேதி தருமாறு வேண்டுகோள். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எந்த நாளில், எந்த வழியில் அனுப்பினீர்கள் என்ற சான்று. விசாரணைத் தேதியும் நேரமும் நிரப்ப இடம் விட்டு ஒரு நோட்டீஸ் படிவமும் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் வாதம் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாதத்துக்கு இது இடமில்லை.

பதிவது கிளார்க்கிடம். ஏ.ஜே.யின் உதவியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது பதிவாகாது. கோர்ட்டில் எழுந்து நின்று "டி நோவோ கேட்கிறோம்" என்று வாயால் சொன்னாலும் போதாது. வக்கீல் என்றால் இ-ஃபைல் கட்டாயம். சொந்தமாக வாதாடுகிறவருக்குக் கட்டாயமில்லை, ஆனால் முடியும். இ-ஃபைலில் கடைசி நாள் நள்ளிரவுக்கு முன் அனுப்பியது அன்றே பதிவானதாகக் கொள்ளப்படும். ஆனாலும் செவ்வாய் இரவு 11:50-க்கு அனுப்பி, தப்பான ஆவண வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளார்க் திருப்பி அனுப்புகிற தலைவலி எதற்கு? திங்கள் காலையிலேயே போட்டுவிடுங்கள்.

அல்லிக்குளம்

நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். விசாரணையின்போது கோர்ட் ரிப்போர்ட்டர் (பேசுவதை எழுத்தில் பதிவெடுப்பவர்) யாரும் இல்லை, பதிவு எதுவும் இல்லை. டி நோவோவில் அது பாதகமா? அடுத்தது, தெரிந்த ஒருவருடைய விவாகரத்து ஏ.ஜே. கையெழுத்திலேயே முடிந்துவிட்டது, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் கையெழுத்தே அதில் இல்லை. அது செல்லாதா?

ஏட்டுச்சுவடி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். செல்லும், அவர் பயப்பட வேண்டியதில்லை.

201.007-இல் சில வகை இறுதி உத்தரவுகளை ஏ.ஜே.யே பிறப்பித்துக் கையெழுத்திடலாம் என்று இருக்கிறது. எல்லாத் தரப்பும் வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் எழுத்தில் சம்மதித்த உத்தரவு. எதிர்த்தரப்பு பதிலே போடாததால் வந்த டீஃபால்ட் உத்தரவு. இறுதி விசாரணைக்கான நோட்டீஸோ, தாம் ஆஜராவதோ வேண்டாம் என்று ஒருவர் டெக்சாஸ் சிவில் நடைமுறை விதி 119-இன்படி எழுதிக்கொடுத்து, அதைத் திரும்பப் பெறாத வழக்கு. இவற்றில் ஏ.ஜே. போட்ட கையெழுத்தே கோர்ட்டின் கையெழுத்து. மூன்று வேலை நாளுக்குள் யாரும் டி நோவோ கேட்காவிட்டால் அது இறுதியாகிறது, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜின் மேசைக்குப் போக வேண்டியதில்லை. சமரசமாக முடியும் விவாகரத்துகள் ஏ.ஜே. முன்னாலேயே முடிந்துபோவது இதனால்தான். அந்த மூன்றாவது வகையில் ஒரு சிக்கல்: எழுதிக்கொடுத்தவர் பிறகு ஒரு பதில் மனு போட்டுவிட்டால், எழுதிக்கொடுத்தது ரத்தானதாகிவிடும். அதன் பின் ஏ.ஜே. தாமாகக் கையெழுத்திட்டு முடிக்க முடியாது.

இடைக்கால உத்தரவும் ஏ.ஜே. கையெழுத்திலேயே கோர்ட்டின் உத்தரவுதான். அது பிறப்பிக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து அதே மூன்று வேலை நாள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இடைக்கால உத்தரவின் மேல் பொதுவாக அப்பீல் கிடையாது. டி நோவோவைத் தவறவிட்டால், வழக்கு முடியும்வரை ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ அதோடுதான் குடித்தனம்.

பதிவு இல்லாதது பற்றி: கோர்ட் ரிப்போர்ட்டர் கட்டாயமாவது ஏ.ஜே. ஜூரி விசாரணை நடத்தும்போதும், பெற்றோர் உரிமையை நீக்கும் வழக்கில் எதிர்ப்போடு நடக்கும் இறுதி விசாரணையிலும்தான். மற்றவற்றில் வேண்டும் என்கிற தரப்பு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், செலவும் தலையில் விழலாம். பதிவு இருந்தால் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் அதையும் பார்க்கலாம். இல்லாவிட்டால், வியாழக்கிழமை சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே சாட்சிகள், அதே சம்பளச் சீட்டுகள், அதே 401(கே) அறிக்கைகள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய், முறைப்படி சான்றாவணமாகச் சேர்க்க வேண்டும். "ஏ.ஜே.யிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே" என்றால் எடுபடாது. டி நோவோவுக்காவது ரிப்போர்ட்டரைக் கேட்டு வையுங்கள். அப்பீல் என்று ஒன்று வந்தால் பதிவில்லாமல் அங்கே பேச ஒன்றும் இருக்காது.

நாற்சந்தி

ஒரு சேர்க்கை. டி நோவோ என்றால் வழக்கு முதலிலிருந்து பிறக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, நடக்கிற விசாரணையின் தொடர்ச்சிதான். ஏ.ஜே. முன் ஜூரி இல்லாமல் விசாரணை நடத்த ஒப்புக்கொண்டுவிட்டு, டி நோவோவில் மட்டும் "ஜூரி வேண்டும்" என்று கேட்க இந்த அத்தியாயம் உரிமை தரவில்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. ஏ.ஜே. முன் ஜூரியோடே நடந்திருந்தாலும் இரண்டாவது ஜூரி கேட்க முடியாது, அது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஏ.ஜே. வேண்டாம் என்றால் சொல்ல வேண்டிய நேரம் முன்பே போய்விட்டது. இறுதி விசாரணையை ஏ.ஜே. கேட்பார் என்று நோட்டீஸ் கிடைத்த நாளுக்குப் பின் 10-ஆம் நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் பதிய வேண்டும். பதிந்தால் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்தான் கேட்டாக வேண்டும். இந்த ஆட்சேப உரிமை இறுதி விசாரணைக்கும் ஜூரி விசாரணைக்கும் உரியது.

இன்னொன்று, வியாழக்கிழமை விசாரணை தொடங்கும் முன் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா, பதிவில் ஏதாவது சொன்னீர்களா என்று பாருங்கள். டி நோவோ உரிமையை விசாரணைக்கு முன்பே எழுத்திலோ பதிவிலோ விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்திருந்தால் செவ்வாய்க்கிழமைக் கணக்கே உங்களுக்கு இல்லை.

கிழமைக்கணக்கு

தேதிக் கேள்விகளை யாரும் முடிக்கவில்லையே.

அப்பீல் கணக்கு ஓடுவது கையெழுத்துத் தேதியிலிருந்து, யார் கையெழுத்து என்பதுதான் வித்தியாசம் (201.016). அல்லிக்குளத்தின் வழக்கில் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் டிக்ரியில் கையெழுத்திட்ட தேதி. ரிப்போர்ட் தேதி இதில் எங்கும் வராது. சம்மத உத்தரவு, டீஃபால்ட் என்றால் ஏ.ஜே. கையெழுத்திட்ட தேதி. டீஃபால்ட்டில் மாட்டியவர்கள் "பெரிய ஜட்ஜ் இன்னும் கையெழுத்துப் போடவில்லை" என்று காத்திருந்து 30 நாளையும் கோட்டைவிடுவது இதனால்தான்.

அந்தத் தேதியிலிருந்து அப்பீல் நோட்டீஸுக்கு 30 நாள். மறு விசாரணை மனுவுக்கும் அதே 30 நாள். அந்த மனுவைக் காலத்தில் போட்டால் அப்பீல் நோட்டீஸுக்கு 90 நாளாக நீளும். ஜட்ஜ் அதன்மேல் உத்தரவு எதுவும் போடாவிட்டால் 75-ஆம் நாள் அது தானாகவே தள்ளுபடியானதாகக் கொள்ளப்படும். பெற்றோர் உரிமை நீக்க வழக்குகளில் அப்பீலுக்கு 20 நாள்தான், மறு விசாரணை மனு அதை நீட்டாது.

டி நோவோவைத் தவறவிட்டால் அப்பீலும் போய்விடும் என்று ஒரு வதந்தி உண்டு. இல்லை. டி நோவோ கேட்காதது அப்பீல் உரிமையையோ மறு விசாரணை மனு உரிமையையோ பறிக்காது. ஆனால் அப்பீலில் சாட்சியத்தைப் புதிதாக எடைபோட மாட்டார்கள், டி நோவோவில் போடுவார்கள். எனவே இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைக்க வேண்டாம்.

மறுமணம்: விவாகரத்து தீர்ப்பான நாளுக்குப் பின் 31-ஆம் நாளுக்கு முன் வேறொருவரை மணக்கக் கூடாது (6.801). தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் இந்தத் தடையை விலக்கலாம். உங்கள் வழக்கில் வியாழக்கிழமையை முதல் நாளாக எண்ணி மண்டபம் பேசிவிடாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் கையெழுத்திட்ட டிக்ரி கையில் வந்ததும் அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். கிளார்க்கிடம் சான்றிட்ட நகல் வாங்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எந்தக் கோட்டின் மேல் யார் கையெழுத்து, பக்கத்தில் என்ன தேதி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிளார்க்கின் முத்திரைத் தேதி வேறு, ஜட்ஜ் கையெழுத்திட்ட தேதி வேறு. எண்ண வேண்டியது இரண்டாவதை.

அல்லிக்குளம்

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: டி நோவோவுக்குத் தேதி எப்போது கிடைக்கும்? கோர்ட் தேதியே தராமல் இழுத்தால்?

கிழமைக்கணக்கு

முதல் மனு பதிவான நாளிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். 30 தாண்டினால் மனு செத்துவிடும் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அப்படி இல்லை. காலத்தில் மனு போட்டவருக்கு விசாரணை கிடைத்தே ஆக வேண்டும், கோர்ட் மறுத்தால் மேல் கோர்ட்டில் மேண்டமஸ் (கீழ்க் கோர்ட் தன் கடமையைச் செய்யக் கட்டளை) கேட்டு நடத்த வைக்கலாம். ஆனால் நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்ற பேச்சு வரக் கூடாது. மனு பதிவான மறுநாளே கோர்ட் கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டுத் தேதி கேளுங்கள், கேட்டதை மின்னஞ்சலிலும் எழுதி வையுங்கள்.

ஏட்டுச்சுவடி

பின்னால் படிக்கிறவர்களுக்காக ஒன்று. மேலே சொன்னதெல்லாம் கோர்ட் தன் வழக்குகளுக்கு நியமித்த சாதாரண ஏ.ஜே. பற்றியது. அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடத்தும் குழந்தைச் செலவுத்தொகை வழக்குகளைக் கேட்கும் ஏ.ஜே.க்களுக்குத் தனி விதி. அங்கே மூன்று வேலை நாள் என்பது ஏ.ஜே. உத்தரவில் கையெழுத்திட்ட நாளிலிருந்து. யாரும் டி நோவோ கேட்காவிட்டால், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் தொடாமலேயே அது சட்டப்படி தானாகக் கோர்ட்டின் உத்தரவாகிவிடும் (201.1041). விதிவிலக்கு, கோர்ட் அவமதிப்புக்காகத் தண்டிக்கும் உத்தரவும் உடனே சிறைக்கு அனுப்பும் உத்தரவும். அவற்றுக்கு ஜட்ஜ் கையெழுத்து வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளைக் கேட்கும் ஏ.ஜே.க்களின் உத்தரவும் இதே போலத் தானாக ஆவதுதான் (201.2041). ஆகவே நாளை எண்ண ஆரம்பிக்கும் முன், உங்கள் ஏ.ஜே. இந்த மூன்றில் எந்த வகை என்று தாளின் மேல்பகுதியைப் பாருங்கள்.